பிராகோவின் இடுப்பளவு

"அந்தப் பக்கத்தை இப்பவே கிழி" என்று பிராகோ போட்ட சத்தத்தில், கானா நாட்டுக் குமாசி நகரின் பாண்டாமா பேட்டையில் பாதித் தெரு தையல் கடை வாசலுக்கு வந்துவிட்டது.

தைத்து முடிந்ததும் வாடிக்கையாளரின் விவரத்தைக் கடைக்காரர் அழித்துவிட வேண்டுமாம்; ரேடியோவில் சொன்னார்களாம். அவளுடைய இடுப்பளவோ தையல்காரி ஃப்ரேமாவின் அளவு நோட்டில் எட்டு வருடமாகக் குந்தியிருக்கிறது.

ஃப்ரேமா அசரவில்லை. "உங்க மக ஹாம்பர்க்லேருந்து போன் பண்ணி, அம்மாவுக்கு ஒரு கவுன் தைன்னா, நான் எதைப் பாத்துத் துணி வெட்ட? கடைசியா உங்களைப் படுக்க வெச்சு ஊரே பாக்கும்போது போடற கவுனும் நான்தானேக்கா தைக்கணும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"என்னைப் பொதைக்கவே நாள் பாத்துட்டியாடி?"

சட்டைப் பொத்தான் தைக்க வந்திருந்த கான்ஸ்டபிள் அம்போன்சாவிடம் நியாயம் கேட்டார்கள். தேவை இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்றார். தேவை எப்போது முடிகிறது என்று கேட்டதற்கு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் காலை கடைப் பூட்டு உடைந்து கிடந்தது. மிஷின் இருந்தது, துணி இருந்தது. அளவு நோட்டு மட்டும் இல்லை.

ஃப்ரேமா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை ஒரு பெரிய சாவுச் சடங்கு. ஒரே துணியில் முப்பது பெண்களுக்குக் கவுன். ஒன்று பிசகினாலும் அப்புறம் பாண்டாமாவில் அவளிடம் கைக்குட்டைகூடத் தைக்கக் கொடுக்க மாட்டார்கள். எடுத்தது யாரென்று தெருவுக்கே தெரியும். பிராகோவோ, சாட்சி இருந்தால் காட்டு என்று அதே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

கான்ஸ்டபிள் விசாரணையில் இறங்கினார். அப்படியொரு கடமை உணர்ச்சியை அந்தத் தெரு கண்டதில்லை. முப்பது பெண்களையும் வீடு வீடாகப் போய் அழைத்துவந்தார். ஃப்ரேமா டேப் பிடிக்க, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளவுகளை எழுதிக்கொண்டார். "மெதுவா சொல்லுங்க மேடம், போலீஸ் காதுல விழுது" என்று பெண்கள் நெளிந்தார்கள். மத்தியானம் இருவருக்கும் ஒரே தட்டில் கென்கி என்ற சோளமாவு உருண்டையும் வறுத்த மீனும். வெள்ளி மாலை முப்பதாவது கவுனுக்கு இஸ்திரி போட்டதும் அவர்தான்.

நோட்டு அகப்படவில்லை; மாப்பிள்ளை அகப்பட்டார்.

ஈஸ்டர் கழிந்து, ஊர் வழக்கப்படி ஜின் பாட்டிலோடு ஃப்ரேமாவைப் பெண் கேட்டுக் கதவைத் தட்டிய கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் பிராகோ. அவள் அம்போன்சாவின் சொந்தச் சித்தி என்பது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. சந்தேகப்பட்டதற்கு ஃப்ரேமா எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். பிராகோ பெருந்தன்மையாக மன்னித்தாள்.

கல்யாணமாகி மூன்றாம் வாரம் புருஷனின் இரும்புப் பெட்டியை ஃப்ரேமா திறந்தபோது, சீருடைக்கு அடியில் அளவு நோட்டு பத்திரமாக இருந்தது, பிராகோவின் பக்கம் மட்டும் நீங்கலாக.