கூரை மேல் வைக்கோல்

கத்தாரிலிருந்து வந்த மறுநாள் காலையில்தான் றிஸ்வான் தன் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

தகரம் தெரியவேயில்லை. முழங்கை ஆழத்துக்கு வைக்கோல் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்கப் பழைய மீன்வலை ஒன்றை மேலே இழுத்துக் கட்டியிருந்தது.

"ஆர்ர வைக்கல் இது?" மனைவி சிபானாவிடம் கேட்டான்.

பக்கத்து வளவு ஸலாஹுதீன் மாமாவுடையது என்றாள். பெரும்போக அறுவடை முடிந்ததும் வந்து, தங்கள் வளவில் வைக்க இடமில்லை, உங்கள் கூரையில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். அப்போது அவள் எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி. வயசான மனிதரிடம் எப்படி மறுப்பது என்று சரியென்று சொல்லிவிட்டாளாம்.

றிஸ்வான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஸலாஹுதீனின் வளவில் ஒரு லொறியைத் திருப்பலாம் போல இடம் கிடந்தது.

புருஷன் ஊரில் இல்லாத வீடு என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்று நினைத்தான். ஆறு வருடம் டோஹாவில் உழைத்து, கல்கல்லாக வைத்துக் கட்டிய வீடு. சிபானா எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் நேரே போனான்.

ஸலாஹுதீன் வயலுக்குப் புறப்பட்டு நின்றார்.

"மாமா, நான் வந்திட்டன். இனி உங்கட சாமான உங்கட வளவுல வெச்சுக்கொள்ளுங்க."

அவர் ஒருகணம் அவனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். வெயில் கொஞ்சம் தணியட்டும், இன்னும் ரெண்டு மாதத்தில் எடுக்கிறேன் என்று இழுத்தார். இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றான் றிஸ்வான்.

"சரி மகன்."

அன்று வயலுக்கும் போகவில்லை. தானே ஏணி வைத்து ஏறி, அந்தி மஃரிப் வரைக்கும் கட்டுக்கட்டாக இறக்கித் தன் வளவில் குவித்தார். பின்னறைக்கு மேலே ஒரு மூலை மட்டும் மிச்சமிருந்தது. அதை நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கச்சான் காற்று கிளம்பியது. தரைப்பக்கமிருந்து வரும் அந்த வறண்ட காற்றுக்கு முன்னால் கடற்காற்று எடுபடாது. சிபானா ஜன்னல்களைச் சாத்தினாள். பத்து மணிக்கே தகரம் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது வீடு பாண் சுடும் போறணை போலக் கொதித்தது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் அள்ளி அள்ளி முகத்தில் எறிந்தது.

ஏணைத் தொட்டிலில் கிடந்த மகள் ஆகிலாவுக்கு மூன்று மாதம். அவளைப் பார்க்கத்தான் அவன் ஓடி வந்ததே. பிள்ளை சிவந்து போய்க் கத்தினாள். பிறகு கத்துவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் இருவரையும் பயமுறுத்தியது. ஈரத்துணியால் துடைத்தார்கள். பால் கொடுத்துப் பார்த்தாள் சிபானா. வாய் திறக்கவில்லை.

றிஸ்வான் ஓட்டோவுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்த சிபானாவின் குரல் பின்னறையிலிருந்து கேட்டது.

"இஞ்ச வாங்களன். இந்த மூலையில மட்டும் சூடு இல்ல. பிள்ள பால் குடிக்கிறா."

ஓடினான். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறதோ என்று பார்த்தான். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அங்கே கூரை தாழ்வு. கையை நீட்டித் தகரத்தைத் தொட்டான். தாங்க முடியாமல் இழுத்துக்கொண்டான். ஓரடி தள்ளி, பிள்ளையின் தலைக்கு நேர் மேலே தொட்டான். கை அப்படியே இருந்தது.

ஒரே தகரம். ஒரே வெயில். நம்ப முடியாமல் இங்கேயும் அங்கேயும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான்.

ஏணியைச் சாத்தி மேலே ஏறினான். அந்த மூலையில்தான் நேற்று எடுக்காமல் விட்ட வைக்கோல் கிடந்தது. மேல்வைக்கோல் விரலைச் சுட்டது. கையை உள்ளே செருகினான். போகப் போகச் சூடு குறைந்தது. முழங்கை வரை இறங்கியபோது, விடியற்காலைக் கடற்கரை மணலைத் தொட்டது போலிருந்தது.

கையை எடுக்க மனமில்லாமல் இருந்தான்.

டோஹாவில் அவனுக்கு இதுதான் வேலை. பெரிய கட்டடங்களில் குளிர்நீர்க் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுவது. சூட்டை யாராலும் நிறுத்த முடியாது, குளிர்ந்த இடத்தைத் தேடி அது போய்க்கொண்டேதான் இருக்கும், நம்மால் அதைத் தாமதப்படுத்தத்தான் முடியும் என்பார் அவனுடைய ஃபோர்மன். பஞ்சு வெறும் சாட்டு, அதற்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் சூட்டை மறிக்கிறது என்பார். போதுமான நேரம் மறித்துவிட்டால் சூரியனே இறங்கிவிடும்.

வெறும் வைக்கோல். அதற்குள்ளும் அதே காற்று. கோடிக்கணக்கில் செலவழித்து அங்கே செய்ததை இங்கே ஒரு வேளாண்மைக்காரர் மீன்வலை போட்டுக் கட்டி வைத்திருந்திருக்கிறார். வந்திறங்கிய அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்ந்ததே, அது கடற்காற்று என்றல்லவா நினைத்தான்.

"சுப்ஹானல்லாஹ்" என்றான் தனக்குள்.

ஓட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த டொக்டர், சூடுதான் காரணம், பால் குடிக்கத் தொடங்கிவிட்டதால் பயமில்லை, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஸலாஹுதீன் வீட்டுக்குப் போனான் றிஸ்வான். அவர் வயலிலிருந்து வரவில்லை. மனைவி ஜுனைதா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வைக்கோல் குவிந்து கிடந்தது.

தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான். வைக்கோலைத் தானே சுமந்து ஏற்றுவதாகச் சொன்னான். எத்தனை வருடமானாலும் அது தன் கூரையிலேயே இருக்கட்டும் என்றான்.

"மாட்டுக்குத் தேவப்படுற நேரம் கேக்காமலே வந்து எடுக்கச் சொல்லுங்க மாமி."

ஜுனைதா கூட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"மாடா? நாங்க மாடு வளத்ததே இல்லியே மகன்."