இல்லாத டிராக்டர்

"இன்னைக்கும் ஆவலம்மா" என்றபடி கங்கையா மஞ்சள் பையை ஆணியில் மாட்டினார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வரதய்யபாளையத்தில் பஸ் ஏறி திருப்பதி பேங்குக்குப் போய் வந்தது இதோடு ஒன்பதாவது தடவை.

மகள் தேன்மொழி தட்டில் சோற்றைப் போட்டாள். "மொதல்ல துன்னு நைனா. இன்னாதான் சொல்றாங்க?"

"மூணு மணி வரைக்கும் ஒக்கார வெச்சாங்க. மேனேஜர் மீட்டிங்ல கீறாராம். திங்கக்கெழம வான்றாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காளஹஸ்தியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. மாதத்தில் ரெண்டாவது சனிக்கிழமை ஒன்றுதான் முழு லீவு. இன்றைக்காவது அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பார்த்தால் அதையும் பேங்க் விழுங்கிவிட்டது.

விஷயம் இதுதான். தேன்மொழிக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஏஜென்சிக்குக் கட்ட ரெண்டு லட்சம் லோன், அப்பா ஜாமீன் என்று பேங்கும் ஒப்புக்கொண்டது. கங்கையாவின் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்த அன்றுதான் எல்லாம் கெட்டது. நாலரை லட்சம் டிராக்டர் கடன், மூன்று வருஷமாக ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்று அதில் இருந்தது.

கங்கையா சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்தவரில்லை. அரசாங்கம் கொடுத்த முப்பது சென்ட்டில் வேர்க்கடலை போடுகிற மனுஷனுக்கு டிராக்டர் எதற்கு? கங்கம்மா தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு பிள்ளை பெறுகிற சீமையில் ஊருக்குப் பத்து கங்கையா. பலமனேரில் டிராக்டர் வாங்கிய எவனோ ஒரு கங்கையாவின் கடனைத் தூக்கி இவர் தலையில் கட்டிவிட்டது பேங்க்.

"திங்கக்கெழம நானும் வரேன் நைனா. நாலு வார்த்த இங்கிலீஷ்ல கேட்டாதான் அவங்களுக்கு ஒறைக்கும்."

"வேணாம்மா. என் மூஞ்சில பூசின கரி, நாந்தான் தொடைக்கணும். நீ பெட்டிய ரெடி பண்ணிக்கினு இரு."

பெட்டி என்றதும் தேன்மொழி தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். தேன்மொழியின் அம்மா சென்னம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள், மூன்றாவது வருஷம் பெட்டியில்தான் திரும்பி வந்தாள். சென்னை ஏர்போர்ட்டில் அதை வாங்க கங்கையா கையெழுத்துப் போட்டார். கைநாட்டு வேண்டாம் என்று பத்து வயசு மகள் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. அதை அவர் முதல்முதலாகப் போட்ட காகிதம் அதுதான்.

அப்படிப்பட்டவர், குவைத் வேலை என்றதும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "போய்ட்டு வாம்மா" என்று சிரித்தார்.

திங்கள் சாயங்காலத்துக்குள் ஏஜென்சிக்குப் பணம் கட்டாவிட்டால் குவைத் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அன்று காலை தேன்மொழி ஷிப்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு முந்தின பஸ்ஸிலேயே திருப்பதிக்குப் போனாள். பேங்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். பதினொன்றரை ஆயிற்று. அப்பாவைக் காணோம்.

லோன் ஆபீசர் தாமோதரன் தமிழ்நாட்டு எல்லையோரத்து நகரிக்காரர். அவளுடைய தமிழ் வாடைத் தெலுங்கைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"எங்க நைனா ஒம்போது தடவ வந்துட்டாரு சார். சனிக்கெழமகூட மூணு மணி வரைக்கும் ஒக்கார வெச்சி அனுப்பினீங்க. நீங்க பண்ண தப்புக்கு நாங்க எத்தினி நாளு அலையறது?" அவள் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாவது சனிக்கெழம பேங்க்கே கெடையாதேம்மா. ஒங்க நைனா இங்க வந்தது ஒரே ஒரு தடவ."

தேன்மொழிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"தப்பு எங்களுதுன்னு அன்னிக்கே ஒத்துக்கினோம். கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க, ஒரு வாரத்துல சரி பண்ணிடறேன்னேன். வெளிய போய் எழுதி வாங்கிக்கினு வந்தாரு. படிச்சிப் பாத்துட்டு, நல்லா யோசிச்சிக்கோ பெரியவரேன்னு ரெண்டு தடவ சொன்னேன். கேக்கல. இப்ப கேஸ் ஹெட் ஆபீஸுக்குப் போய்டுச்சி. இனிமே என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அவர் ஃபைலைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

தெலுங்கில் நாலே வரி, மனு எழுதுகிறவர் யாரோ எழுதியது. தேதி, பேங்குக்கு அவர் முதல் தடவை வந்த தேதி. கீழே தமிழில் கையெழுத்து. கடைசி எழுத்து வழக்கம்போலக் கீழே சரிந்திருந்தது. ஏர்போர்ட் காகிதத்திலும் அது அப்படித்தான் சரிந்திருந்தது.

அவள் நாலு வரியையும் இரண்டு தடவை படித்தாள்.

போன் அடித்தது.

"நாந்தாம்மா. பேங்க்லதான் ஒக்காந்துக்கினு கீறேன்" என்றார் கங்கையா. அவர் குரலுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருவர் காளஹஸ்தி, காளஹஸ்தி என்று கூவிக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் ஆவாது போல கீதும்மா."

தேன்மொழி அந்தச் சரிந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அந்த டிராக்டர் ஒன்னுதுதான்னு எதுக்கு நைனா எழுதிக் குடுத்த?"