எல்லாரும்தானே தூக்குறோம்!

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், மூன்றாம் மாடி ஒத்திகை அறையில் ஸ்டீல் கித்தாரைத் துடைத்துக்கொண்டே அமுதவள்ளி கேட்டாள்: "குரு, என் ஆம்ப்ளிஃபையர்ல எடை கம்மியான ஸ்பீக்கர் போட்டா என்ன?"

இசைக்குழுவின் தலைவர் குரு சிரித்தார். "வேணாம் லா அக்கா. அதெல்லாம் தகரச் சத்தம். ஸ்டீல் கித்தாருக்குப் பெரிய காந்தம் வச்ச கனமான ஸ்பீக்கர்தான் சரி."

"மூணு மாடி ஏத்தணுமே?"

"நீங்க மட்டுமா ஏத்துறீங்க? எல்லாரும்தானே மாத்தி மாத்தித் தூக்குறோம்!"

மற்ற மூன்று வாத்தியக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

குரு தொடர்ந்தார்: "முடியலன்னா சொல்லிடுங்க அக்கா. வாசிக்க வேற ஆள் பார்த்துக்கலாம்."

அமுதவள்ளி துணியை மடித்து வைத்தாள். "போன வாரம் மேரு ஊர்க் கல்யாணத்துல என் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"சும்மா கும்முன்னு இருந்துச்சு! அதான் கனமான ஸ்பீக்கரோட மகிமை."

அவள் எழுந்தாள். ஆம்ப்ளிஃபையரை ஒற்றைக் கையால் தூக்கி அவரிடம் நீட்டினாள். பாரம் விழப்போகிறது என்று பதறி இரண்டு கையாலும் தாங்கிய குரு, அது இவ்வளவு லேசா என்று விழித்தார்.

"ஸ்பீக்கரை மாத்தி மூணு மாசம் ஆச்சு. எல்லாரும்தானே தூக்குறீங்க? ஒருத்தருக்குக்கூடத் தெரியலையே!"