இடது கண்

இறைவன் மனிதனுக்கு இரண்டு கண்களைக் கொடுத்தது உலகத்தின் ஆழத்தைக் காண்பதற்காக.

ஒளிப்பதிவாளர் ஒன்றை வேலைக்கும் மற்றதை ஜெனிட்டாவுக்கும் ஒதுக்கியிருந்தார்.

த்ரீடி படம். ஒரே ஸ்டாண்டில் இரண்டு கேமரா. இடது கண்ணுக்கானது அவருடையது. வலது கண்ணுக்கானது, த்ரீடிக்கென்றே வரவழைத்த ஜெனிட்டாவுடையது.

இரண்டும் ஒரே நொடியில் ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு ரிமோட் இருந்தது.

அது அவள் கையில் இருந்தது.

"என் கேமராவ இன்னொருத்தர் அமுக்கி நான் ஓட விட்டதில்ல, மேடம்."

"முன்ன பின்ன ஆச்சுன்னா பாக்கிறவங்களுக்குத் தலை சுத்தும், சார்."

"என் படம் பாத்து இதுவரைக்கும் யாருக்கும் சுத்துனதில்ல."

"விடும்மா," என்றார் டைரக்டர். "கிளாப்ப வச்சு எடிட்டிங்ல சேத்துக்கலாம்."

அவரவர் பொத்தானை அவரவர் அமுக்குவதென்று முடிவாயிற்று.

முதல் ஷாட். கதாநாயகன் சன்னலோரம் நின்று அழ வேண்டும்.

அவளை முந்த வேண்டும். டைரக்டர் வாயைத் திறக்குமுன்பே அமுக்கிவிட்டார்.

'ஸ்டார்ட் கேமரா' என்று குரல் வந்ததும், பழக்கதோஷத்தில் இன்னொரு முறை.

ஓடிய கேமரா நின்றது.

'கட்' என்றதும் அமுக்கினார். நின்ற கேமரா ஓடியது.

அடுத்த ஷாட்டிலிருந்து குரலுக்கு ஒரு முறைதான் அமுக்கினார். பொழுதுக்கும் அப்படியே தலைகீழாக ஓடியது.

ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். நடிகர் கண்ணில் அது மின்னக்கூடாது என்பது அவர் கொள்கை. வியூஃபைண்டரைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். பார்க்க வேண்டிய கண் ஜெனிட்டா பக்கம் இருந்தது.

ஷாட்டுக்கு ஷாட் இடையில் டைரக்டரும் அவளும் செட் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். தணிந்த குரலில் பேசினார்கள். டைட்டிலில் அவர் பெயரும் ஜெனிட்டா பெயரும் ஒரே கார்டில் வரப்போகிறதாம். அவள் பெயர் மேலேயாம். யாரோ பற்றவைத்திருந்தார்கள்.

சோபாவுக்குப் பின்னால்தான் அந்தச் சன்னல். திரைச்சீலையில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, அவர் அடிக்கடி அதன் பின்புறம் போய்வந்தார்.

புரொடியூசருக்குப் பொறுமையில்லை. அன்று மாலையே இரண்டையும் சேர்த்து ஓட்டச் சொன்னார். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள்.

வலது கண்ணில் கதாநாயகன் அழுதான்.

இடது கண்ணில் டீ.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டார். புரொடியூசரும் மூடினார். கதாநாயகன் உட்பட, வரிசையாக எல்லோரும்.

சோபா. டைரக்டர். ஜெனிட்டா.

பின்னால் சன்னல். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நீண்டிருந்த ஒரு காது.

ஃபோகஸ் காதில் இருந்தது.