மணிக்கூண்டைச் சுற்றி

“டேய், இந்த மணிக்கூண்டை ரெண்டாவது தடவையா பாக்கறேன்டா! இந்த ஆளு நம்மள எங்கடா கூட்டிட்டுப் போறான்?”

டாக்சியின் பின் இருக்கையில் அமர்ந்திருந்த அக்கா, முன் இருக்கையிலிருந்த தம்பியின் தோளை உலுக்கினாள். மணிக்கூண்டு ஒன்பது இருபது காட்டியது.

“எல்லா மணிக்கூண்டும் ஒரே மாதிரிதான்க்கா இருக்கும். இது வேற.”

“சரி, மணிக்கூண்டு வேற. அதுக்குக் கீழ கடை வாசல்ல தொங்குதே அந்தப் பெரிய சிவப்புச் செருப்பு, அதுவுமா வேற?”

தம்பி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மொழி தெரியாத அந்த அயல்நாட்டு நகருக்கு அவர்கள் வந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. தம்பியின் கல்லீரல் முற்றிலும் பழுதடைந்திருந்தது. தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க அக்கா முன்வந்திருந்தாள். அன்று காலை பத்து மணிக்குள் மருத்துவக் குழுவின் முன் அவள் நேரில் நின்று சம்மதக் கையெழுத்து இட வேண்டும். தவறினால் அடுத்த கூட்டம் மூன்று மாதங்களுக்குப் பிறகுதான். அவ்வளவு காலம் தம்பியின் உடல் தாங்காது என்று மருத்துவர் ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டார்.

முன்பு ஒருமுறை மருத்துவமனை வண்டியே வந்து அவர்களை அழைத்துச் சென்றது. அன்று இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“அவன்கிட்ட என்னன்னு கேளுடா!”

தம்பியின் கைப்பேசியில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்று இருந்தது. தமிழில் தட்டினால் அந்நாட்டு எழுத்தில் காட்டும். அந்நாட்டு மொழியில் பேசினால் தமிழில் உரக்கச் சொல்லும். அக்காவின் கைப்பேசியோ விமானம் விட்டு இறங்கிய அன்றே ஊமையாகிவிட்டது.

தம்பி அவசரமாக எதையோ தட்டி ஓட்டுநரிடம் நீட்டினான். நரைத்த மீசை வைத்திருந்த ஓட்டுநர் அதைப் படித்தார். பிறகு கண்ணாடி வழியே அக்காவை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

“என்னடா கேட்டே?”

“சீக்கிரம் போகச் சொன்னேன்.”

வண்டி மறுபடியும் இடப்பக்கம் திரும்பியது.

“சீக்கிரமாம் சீக்கிரம்! நடந்து போனாலே இதைவிட வேகமாப் போயிடலாம். அந்த மீசையோட முழியே சரியில்லடா. நம்மளக் கடத்திட்டுப் போறானோ என்னவோ.”

“கடத்தி என்னக்கா பண்ணுவான்? என் கல்லீரலை எடுத்தா அவனுக்குத்தான் நஷ்டம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சற்று நேரம் கழித்து, தம்பி திரும்பிப் பாராமலே கேட்டான். “நேத்து என் போன்ல உன் சின்னவ ஏன்க்கா அப்படி அழுதா?”

“குழந்தைதானே... ‘அம்மா, திரும்பி வந்துடுவியா’ன்னு கேட்டா. வராம எங்க போகப் போறேன்? நீ ரோட்டைப் பாருடா.”

அவன் ரோட்டைப் பார்த்தான். மணிக்கூண்டு மூன்றாவது முறையாக வந்தது. ஒன்பது முப்பத்தைந்து. சிவப்புச் செருப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி மீண்டும் கைப்பேசியை நீட்டினான். ஓட்டுநர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். இனி தம்பியை நம்பிப் பயனில்லை என்று, அக்கா இரு இருக்கைகளுக்கும் நடுவே எக்கி, ஓட்டுநரை நோக்கிக் கைகூப்பினாள்.

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இவனை இடுப்புல தூக்கி வளத்தவண்ணே நான். இங்கருந்து எடுத்து இவனுக்குக் குடுக்கணும். இவன் போயிட்டா எனக்குப் பொறந்த வீடே இல்லண்ணே!”

தன் வலது விலாவையும் தம்பியின் தோளையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினாள். பேச்சு உடைந்து அழுகையாயிற்று.

தமிழில் ஒரு சொல்லும் அறியாத ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். தம்பியை ஏறிட்டுப் பார்த்தார். தலையை இருபுறமும் அசைத்தார். மறுகணம் வண்டியை வந்த வழியே திருப்பி, வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் விரட்டினார்.

“ஏய், எங்க போறே? நிறுத்து! நிறுத்துய்யா!” என்று கத்திய தம்பி, ஓட்டுநரின் கையைக்கூடப் பிடித்து இழுத்தான்.

“கையை விடுடா, எதுலயாவது மோதிடப் போறான்!” அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

வண்டி நின்றபோதுதான் திறந்தாள். எதிரே மருத்துவமனை வாயில். மணி ஒன்பது ஐம்பது.

பாய்ந்து இறங்கியவளை ஆத்திரம் ஒரு கணம் பிடித்து நிறுத்தியது.

“இவ்வளவு பக்கத்துல வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினியே, நீயெல்லாம் மனுஷனாய்யா?”

ஓட்டுநர் தம்பியின் மடியிலிருந்த கைப்பேசியை எடுத்தார். “வேணாங்க... வேணாம்...” என்று முனகியபடி தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டான். ஓட்டுநர் அதனிடம் மெல்லப் பேசினார். உணர்ச்சியற்ற இயந்திரக் குரல் தமிழில் ஒலித்தது.

“மன்னிக்கவும், அம்மா. நீங்கள் அழுத பிறகு என்னால் முடியவில்லை. ‘அக்காவுக்கு இரண்டு குழந்தைகள்; பத்து மணி தாண்டும்வரை சுற்றிக்கொண்டே இருங்கள்’ என்று ஒவ்வொரு முறையும் எனக்கு எழுதிக் காட்டியவர் இவர்தான்.”