ஏழாவது பாஷை

மாப்பிள்ளை பேசத் தொடங்கிவிட்டார். தங்கை உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்ட, சுற்றுலா வழிகாட்டியான அவள் அண்ணன் நாற்காலியைக் கட்டிலை ஒட்டி நகர்த்திப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட கையோடு மல்லாந்து படுத்த மனிதர், எந்த நாட்டுடையது என்றே தெரியாத ஒரு பாஷையில் தூக்கத்தில் குழைந்துகொண்டிருந்தார்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். விழித்திருக்கும்போது அவரிடமிருந்து ஒரு வார்த்தையைக் கழற்றவும் ஸ்பேனர் வேண்டும். "சாவி எங்கே" என்பதே அவரைப் பொறுத்தவரை நீண்ட சொற்பொழிவு. போன மாதம் மாடிப்படியில் மச்சானை நிறுத்தி, உங்களுக்குத்தான் பல பாஷை தெரியுமே, ஒரு சந்தேகம் என்று அவராக ஆரம்பித்ததே அதிசயம். வேன் காத்திருந்ததால் வழிகாட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஒருநாளாவது இப்படிக் கொஞ்சிப் பேசியிருக்காராண்ணா?" என்றாள் தங்கை. வாசல் கதவருகே அவளுடைய பெட்டி தயாராக நின்றது.

அந்தப் பெட்டியைக் கட்ட வைத்த பெருமை வழிகாட்டியையே சேரும். அவர் தூக்கத்தில் பேசியதில் இரண்டு சொற்களை அவள் தொலைபேசியில் சொல்லிக் காட்டியதுமே, இது யாரோ வெளிநாட்டுக்காரி சமாசாரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆறு பாஷை தெரிந்தவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

அந்த ஆறிலும், இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள், கழிவறை அதோ என்று பிசிறில்லாமல் சொல்வார். மீதியெல்லாம் தன்னம்பிக்கை. எந்தச் சிலையைக் காட்டி யார் என்ன கேட்டாலும், தெரியாது என்று மட்டும் அவர் சொன்னதில்லை. ஒரு ராஜாவைக் கற்பித்தாவது கொடுத்துவிடுவார்.

இப்போது உன்னிப்பாகக் கேட்டார். இடப்பக்கமும் வரவில்லை, வலப்பக்கமும் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முகத்தை எல்லாம் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஏதோ கேட்டார். கேள்விதான், குரலின் இழுப்பிலேயே தெரிந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

பதில் வந்தது.

வழிகாட்டி திரும்பினார். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்து, காலையிலிருந்து கண்மூடாமல் இருந்த தங்கை, கால்மாட்டு நாற்காலியில் தலை சரிய உறங்கிப்போயிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. அதே பாஷை, அதே குழைவு.

மாப்பிள்ளை சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடவில்லை. விழித்திருக்கும் எந்தத் தம்பதியிடமும் அவர் இந்த மரியாதையைக் கண்டதில்லை.

மாடிப்படியில் மாப்பிள்ளை கேட்க வந்த சந்தேகம் என்னவென்று இப்போது புரிந்தது. பாவம், அந்த மனிதரும் பக்கத்தில் விழித்துக் கிடந்து, இவள் யாரிடம் இப்படிக் கொஞ்சுகிறாள் என்று எத்தனை நாள் புழுங்கினாரோ. வழிகாட்டிக்கு வெட்கமாக இருந்தது.

தங்கை திடுக்கிட்டு விழித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, தூங்கவே தூங்காதவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யார்கிட்டண்ணா பேசுறாரு? என்ன சொன்னாரு?"

வழிகாட்டி வாசலில் நின்ற பெட்டியைப் பார்த்தார். அவசரத்துக்கு ஒரு ராஜாவும் வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "பதில் சொன்னது நீதான்."