முதல் நாள் வைத்தியர்

செல்போன் விளையாட்டில் அவன் அன்றுதான் வைத்தியராகச் சேர்ந்திருந்தான். திரையை ஒவ்வொரு முறை தட்டும்போதும், அடிபட்டவருக்குக் கொஞ்சம் உயிர் ஏறும். வைத்தியருக்கும் கொஞ்சம் சக்தி கூடும்.

"டேய், முதுகு பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் வெந்நீர் ஒத்தடம் குடுடா," பக்கத்து அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"இருப்பா! இங்க ஒருத்தர் சாகக் கிடக்கார்!"

விரல் வலிக்கத் தட்டினான். குற்றுயிராய்க் கிடந்த 'இடிமுழக்கம்' என்ற வீரர் எழுந்து நின்றார். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீரரிடமிருந்து செய்தி வந்தது.

"ரொம்ப நன்றி தம்பி. முன்னப்பின்ன தெரியாத எனக்கு இவ்வளவு செய்யறீங்க. என் பையன்கிட்ட இப்பத்தான் ஒத்தடம் கேட்டேன், யாரோ சாகக் கிடக்கார்னுட்டான். உங்களைப் பெத்தவர் குடுத்து வெச்சவர்."

அவன் ஓடிப்போய் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துவிட்டது. பக்கத்து அறைக்குள் நுழையத்தான் அவனுக்குக் கூசியது.